லேட் ஸ்லிப் கொடுத்த மிஸ்

"பஸ்ஸு லேட்டா? அப்பிடின்னு யாரு சொன்னா?"

கருப்பையா இதைக் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சிறுமலையில் வாழையும் மிளகும் போட்டிருக்கிற விவசாயி. அன்றைக்குச் சலவைச் சட்டையும் தோளில் துண்டுமாக வந்திருந்தார். காலடியில் ஒரு சாக்குப் பை நிறைய மலைவாழைப் பழம். மகள் படிக்கிற இடத்திலிருந்து கூப்பிட்டனுப்பியிருக்கிறார்களே, கையை வீசிக்கொண்டா போவது என்று கொண்டுவந்திருக்கிறார் மனுஷன். அறை முழுக்கப் பழ வாசம்.

"மொத பஸ்ஸுல நான்தான் புள்ளைய ஏத்திவிடுறேன். எங்க வாழைத்தாரும் அதுலதான் எறங்குது. அவன் லேட் பண்ணா ஊரே சண்டைக்குப் போயிருமே! எட்டரைக்கெல்லாம் புள்ள உங்க கேட்டுகிட்ட நிக்கும்."

மேசைக்கு இந்தப் பக்கம், டீன் சிஸ்டருக்கும் இங்கிலீஷ் சாருக்கும் நடுவில், நான் தடிமனான ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தேன். அதில் முப்பது இடத்துக்கு மேல் என் கையெழுத்தில் 'காரணம்: மலைப் பஸ் தாமதம்' என்று இருந்தது. அத்தனையையும் தேதி வாரியாக, வக்கீல் கணக்காக, அப்போதுதான் வாசித்து முடித்திருந்தேன்.

சுவரோரம் அவர் மகள் கார்த்திகா நின்றாள். தாவரவியல், இரண்டாம் வருஷம். இங்கிலீஷ் பாடத்தில் அவளுக்கு அட்டெண்டன்ஸ் குறைந்துபோயிருந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில் குறைந்தாலும் ஹால் டிக்கெட் கிடையாது. பெற்றோரை அழைத்து விசாரித்து, காரணம் நியாயம் என்று பட்டால்தான் உண்டு. இல்லையென்றால் ஒரு வருஷம் அப்படியே போய்விடும்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை! எங்கள் நாகல் நகரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அது எம்புட்டுப் பெரிய செய்தி என்று சொல்வார்கள்.

வாய்க்குப் பூட்டு இல்லை

எனக்குச் சாந்தி என்று பெயர் வைத்ததுதான் எங்கள் அப்பா செய்த ஒரே தப்பு. திண்டுக்கல் நாகல் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடையில்தான் கிடப்பேன். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள், காற்றடிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் என் வாய் இலவசம். "நம்ம ஊர்ல செய்யாத பூட்டு இல்ல. இவ வாய்க்குத்தான் இன்னும் ஒருத்தனும் ஒண்ணு செய்யல" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வந்தவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன், சிரித்துக்கொண்டே பேசுவேன்.

சமூகப் பணி படித்துவிட்டு, நான் படித்த அதே கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திலேயே வேலைக்குப் போனேன். திண்டுக்கல்லை விட்டு வெளியே வந்தால் வெண்டைக்காய்த் தோட்டம், தென்னை, சம்பங்கி வயல் எல்லாம் தாண்டி அதன் மணிக்கூண்டு தெரியும். மாணவர் நல மையத்துக்கு ஆலோசகர் வேண்டும் என்றார்கள். நேர்முகத்தில் உட்கார்ந்திருந்தது சிஸ்டர் பிலோமினா. மாணவர் நலத்துக்கு டீன். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"உனக்கு என்னம்மா நல்லா வரும்?"

"பேச்சு நல்லா வரும் சிஸ்டர்."

"நல்லதாப் போச்சு. நம்ம புள்ளைக வாயே தெறக்க மாட்டேங்குதுக. உன்ன மாதிரி ஒருத்திதான் வேணும்."

பாவம், அவரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

கிரிக்கெட் கிளவுஸ் வாசம்

எங்களுக்குக் கிடைத்த அறை முன்னால் விளையாட்டுச் சாமான் போட்டுவைத்த இடம். எத்தனை தடவை கழுவினாலும் பழைய கிரிக்கெட் கிளவுஸ் வாசம் போகவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். காலையில் ஒலிபெருக்கியில் ஜெபம் ஓடும்போது அந்த மரத்துக் காக்காய்களும் கூடவே கத்தும். இன்றைக்கும் வேப்பம்பூ வாசம் வந்தால் எனக்கு ஜெபம்தான் ஞாபகம் வரும்.

நல மையம் என்றால் என்னமோ பெரிசாக நினைக்காதீர்கள். பஸ் பாஸ் படிவத்தில் முத்திரை வைப்பது எங்கள் வேலை. ஹாஸ்டலில் பக்கெட் காணாமல் போனால் பஞ்சாயத்து எங்களிடம். வீட்டு ஞாபகம், காதல், காய்ச்சல், எல்லாமே அந்தக் கதவு வழியாகத்தான் வரும். ஒட்டன்சத்திரத்துப் பையன் ஒருத்தன் தினமும் வந்து, "ஏனுங்க மிஸ், ஊருக்குப் போயிட்டு வந்துரட்டுங்களா?" என்று கேட்பான். ஒன்றரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் அவனுக்கு அது வெளிநாடு.

வாசலில் புகார்ப் பெட்டி ஒன்று தொங்கியது. முதல் தடவை திறந்தபோது உள்ளே ஒரு குளவிக் கூடும் ஒரே ஒரு சீட்டும் இருந்தன. 'ஹாஸ்டலில் வெஞ்சனத்தை மாத்துங்க, முட்டைக்கோசைப் பார்த்தாலே அழுகை வருது' என்று எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை. சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு நேரே சமையல்கட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அவரைக்காய்.

கிறிஸ்துமஸ் குடில் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. குடிலுக்குப் பொம்மை ஆடு வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். வேடசந்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன், நெற்றியில் திருநீறோடு, "எதுக்கு மிஸ் பொம்மை? நான் கொண்டாறேன்" என்றான். மறுநாள் நிஜ ஆட்டுக்குட்டியோடு வந்து இறங்கினான். அது குழந்தை இயேசு படுத்திருந்த வைக்கோலை முழுசாகத் தின்றுவிட்டது. ஃபாதர்மார்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பாட்டு நிகழ்ச்சியே அரை மணி தள்ளிப்போனது. பொங்கலுக்கு அதே ஃபாதர்மார்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தில் பானைக்குத் தீ தள்ளுவார்கள். குலவை போடுவதில் முதல் ஆள் சிஸ்டர் பிலோமினா.

இப்போது எல்லாம் ஆப் ஆகிவிட்டதாம். ஆலோசகரைப் பார்க்கவும் போனிலேயே நேரம் குறிக்க வேண்டுமாம். நல்லதுதான். எனக்குத்தான் அந்தக் கிளவுஸ் வாசம் இல்லாத ஒரு நல மையத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதல் பீரியட்

எங்கே விட்டேன்? ஆமாம், லேட் ஸ்லிப்.

ஜெபம் முடிந்து முதல் பீரியட் மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆனால் வகுப்புக் கதவு மூடிவிடும். தாமதமாக வந்த பிள்ளை நல மையத்துக்கு வந்து ஸ்லிப் வாங்கிக்கொண்டு இரண்டாவது பீரியடுக்குத்தான் போக முடியும். முன்னெல்லாம் அந்த ஒரு மணி நேரமும் வெயிலில் நிற்க வைப்பார்களாம். சிஸ்டர் வந்துதான் மாற்றினார். "லேட்டா வந்த புள்ள எதுக்கு லேட்டாச்சுன்னு முதல்ல கேளுங்க" என்பார். ரிஜிஸ்டரில் பெயர், துறை, அடுத்த கட்டம் 'சாப்பிட்டாயா?', அதற்கப்புறம்தான் காரணம். அந்தக் கட்டத்தைப் போட்டது அவர்தான். இல்லை என்று எழுதினால் கேண்டீனிலிருந்து இரண்டு இட்லி வந்துவிடும்.

முகக்கவசங்களை எல்லாம் கழற்றிப் போட்ட பிறகு வந்த வருஷம் அது. ஒரு திங்கள்கிழமை கார்த்திகா வாசலில் வந்து நின்றாள். ஒட்ட வாரின தலை, ஒல்லியான கை, மார்போடு அணைத்த நோட்டு. ஏதோ சொல்ல மூச்சை இழுத்தாள். அதற்குள் நான் அவள் ஐடி கார்டைப் பார்த்துவிட்டேன்.

"சிறுமலையா? மலைப் பஸ்ஸு லேட்டு, அதான? உள்ள வா, உள்ள வா."

தலையாட்டினாள்.

"சாப்ட்டியா? சாப்ட்டிருக்க மாட்ட. மொத பஸ்ஸுக்கு எங்க சாப்புடுறது!"

அதற்கும் தலையாட்டினாள்.

அப்புறம் வாரத்தில் நாலு நாள் வந்தாள். நான் சந்தோஷமாகப் பேசினேன். சைக்கிள் கடைக் கதை, நான் அதே காலேஜில் பேச்சுப் போட்டியில் மணி அடித்தும் இறங்காத கதை, பழனிக்குப் பாதயாத்திரை போய்ச் செருப்பைத் தொலைத்த கதை. அவள் கண்ணை விரித்துக் கேட்பாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள். "கார்த்திகா மனசுவிட்டுப் பழகுறா சிஸ்டர்" என்று நான் வாராந்திரக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் என்னிடம் முழுசாக ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அட, பேசுகிறவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

அவள் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மணி நேரமும் அங்கே இங்கிலீஷ் வகுப்பில் ஆப்செண்ட் விழுந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் லேட் இல்லை

கருப்பையா அப்படிக் கேட்டதும் சிஸ்டர் என் ரிஜிஸ்டரைத்தான் பார்த்தார். இங்கிலீஷ் பேராசிரியர் அருள்ராஜ் சார் தொண்டையைச் செருமினார். நத்தத்துப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். வகுப்பில் தினமும் பத்துப் பேரை எழுப்பி நிற்கவைத்து, சத்தமாக வாசிக்கச் சொல்வது அவர் பழக்கம். வேலைக்குப் போன இடத்தில் இங்கிலீஷ் வாசிக்கத் தடுமாறி, பத்துப் பேர் சிரித்து, கூசிப்போனவர் அவர். நம் பிள்ளைகளுக்கு அது நடக்கக் கூடாது என்பது அவர் வைராக்கியம்.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை மொத பீரியட் தாவரவியல் லேப். அன்னைக்கு மட்டும் இந்தப் புள்ள ஒரு நாள்கூட லேட் இல்லையே. வெள்ளிக்கிழமை மட்டும் பஸ் சீக்கிரம் வருதா?"

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். அத்தனை பக்கத்திலும் ஒரு வெள்ளிக்கிழமை இல்லை. நானே எழுதிய ரிஜிஸ்டர் அது.

கருப்பையாவுக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. மகளைப் பார்த்தார். "ஏத்தா, எட்டரைக்கு வந்துட்டு எங்க போன?" அவள் அழ ஆரம்பித்தாள். அவர் எங்கள் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார்.

"சிஸ்டர், இவளப் படிக்க வைக்கிறதுக்கே எங்கண்ணனோட பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு கீழ போயிப் படிப்புன்னாரு. ஒரு வருசம் வீணாப் போச்சுன்னு தெரிஞ்சா மறுபடி அனுப்ப வீட்டுல விடமாட்டாங்க. எதுவா இருந்தாலும் என்னைய வையுங்க. புள்ளையப் பரிச்சை எழுத விட்டுருங்க."

சிஸ்டர் எழுந்து போய்க் கார்த்திகாவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "நீ சொல்லும்மா. என்ன நடந்துச்சு?"

"அவ என்ன சொல்ல வர்றான்னா சிஸ்டர்..." என்று நான் ஆரம்பித்துவிட்டேன். பழக்கதோஷம்.

"சாந்தி, நான் உன்னக் கேக்கல."

காத்திருந்தோம். கார்த்திகாவின் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக்கி மூடினாள். சத்தம் வரவில்லை. அப்புறம் ஒரே எழுத்து, திரும்பத் திரும்ப அதே எழுத்து. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்குப் பேச்சு திக்கும் என்பதை நான் அந்த நிமிஷம்தான் தெரிந்துகொண்டேன்.

"சின்னதுல இருந்தே செத்த திக்கும்" என்றார் கருப்பையா, மெதுவாக. "வீட்டுல நல்லாத்தான் பேசுவா. புது ஆளுகன்னா கொஞ்சம் சிரமம்."

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதல் வாரம் வாசிக்க எழுந்தபோது வகுப்பு சிரித்ததாம். வாசிக்கத் தெரியாத தடுமாற்றம் என்று நினைத்து, சாரும் உட்காரச் சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம் அவளால் அந்த வகுப்புக்குள் கால் வைக்க முடியவில்லை. நூலகத்துக்குப் பின்னால் மணி அடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டு, நல மையத்துக்கு வந்துவிடுவாளாம்.

"சாந்தி மிஸ்கிட்ட நீ இதச் சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார் சிஸ்டர். "தினமும் அங்கதான உக்காந்திருந்த?"

கார்த்திகா என்னை ஒரு தரம் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. பிரியமான பார்வை. அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

"அங்... அங்க போனா மிஸ்ஸே எல்லாம் பேசிருவாங்க சிஸ்டர். நா... நான் பேச வேணாம். அதான் போனேன்."

ஒரு பக்கம்

வராந்தாவில் கருப்பையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க புள்ள பொய்யே சொல்லல. பஸ் லேட்டுன்னு சொன்னது நான்தான். அவ தலைய மட்டும்தான் ஆட்டுனா" என்றேன். அவர், "அட, நீங்க என்ன செய்வீக! பழத்த மறக்காம எடுத்துக்கிருங்க" என்றார். நான் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஆலோசகர் என்று கதவில் பலகை மாட்டியிருந்தவள், கேட்பதற்கென்றே உட்கார்ந்திருந்தவள், ஒரு பிள்ளையை முப்பது நாள் எதிரே வைத்துக்கொண்டு பழனியில் செருப்பைத் தொலைத்த கதை சொல்லியிருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சிஸ்டரிடம் கொடுத்தேன்.

அருள்ராஜ் சாருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று அப்புறம் சொன்னார். அவரும் சிஸ்டரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். விட்டுப்போன வகுப்புகளுக்கு ஈடாக, கார்த்திகா மாலையில் சாரிடம் தனியாகப் பாடம் கேட்க வேண்டும். கடைசி நாள் ஒரே ஒரு பக்கம் அவர் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும். எம்புட்டு நேரம் ஆனாலும் சரி, எத்தனை தடவை திக்கினாலும் சரி, பக்கம் முடிந்தால் கையெழுத்து. கையெழுத்து விழுந்தால் ஹால் டிக்கெட்.

நடுவில் சனிக்கிழமைகளில் சிஸ்டர் அவளை மதுரைக்கு, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தரம் நானும் போனேன். அந்த அம்மா பயிற்சியைக் கார்த்திகாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கூட இருக்கிறவங்கதான் முக்கியம். வார்த்தைய எடுத்துக் குடுக்காதீங்க. அவங்க முடிக்கிற வரைக்கும் முகத்தப் பாத்துக்கிட்டு இருங்க, போதும்."

ரொம்ப எளிதாகச் சொல்லிவிட்டார்.

வாசிக்கிற நாளும் வந்தது. எங்கள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் மூன்று பேர். வெளியே கைப்பந்து ஆடுகிற சத்தம். கூட நான் இருக்க வேண்டும் என்று கேட்டது கார்த்திகாதான். அருள்ராஜ் சார், "இருங்க மேடம். ஆனா வாயத் தெறக்கக் கூடாது" என்றார். பாடம் தேனீக்களைப் பற்றியது. நான் அதற்கு முந்தின நாளே பத்துத் தடவை படித்துவிட்டேன், எனக்கென்னமோ பரீட்சை மாதிரி.

முதல் வரியே ஐந்தாறு நிமிஷம் எடுத்தது. இரண்டாவது வரி கொஞ்சம் ஓடியது. மூன்றாவது வரியில் நின்றாள். சார் புத்தகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, ஒரு வேலையும் இல்லாத மனுஷன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பாதிப் பக்கத்துக்கு மேல் ஒரு சின்ன வார்த்தை வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. அவளுக்கும் தெரியும். உதடு அதற்குத் தயாராகத்தான் நின்றது. வரவில்லை. மறுபடி மூச்சு இழுத்தாள். வரவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் நிற்கிறது. சொல்லிவிட்டால் தீர்ந்தது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தேன். என் ஜென்மத்தில் அம்புட்டு நேரம் நான் சும்மா இருந்தது கிடையாது.

வந்தது. உடைந்துதான் வந்தது, ஆனால் வந்தது. அவள் அதற்காக நிற்கவில்லை, அடுத்த வார்த்தைக்குப் போனாள். கடைசி வரியை முடித்தபோது வெளியே கைப்பந்து ஆடினவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சார் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "பரிச்சைய நல்லா எழுதும்மா" என்றார். கதவுவரை போனவர் திரும்பி, "இனிமே என் கிளாஸ்ல யாரு சிரிக்கிறான்னு நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகா அந்தக் காகிதத்தை இரண்டு தரம் பார்த்தாள். நோட்டுக்குள் வைத்தாள். அப்புறம் என் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மூச்சை இழுத்தாள். நான் காத்திருந்தேன்.

"போ... போதும் மிஸ். இப்ப நீங்க பேசுங்க."

 வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. அவள் எடுத்துக்கொடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் பேசுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.